நிறுத்தத்தில் ஒட்டிய டவுன் பஸ் அட்டவணை: மதுரையில் நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

மதுரையில் டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் எண்ணைக் கேட்பதில்லை. "பெரியார் போகுமா, மாட்டுத்தாவணி போகுமா?" என்பார்கள், அடுத்து "எது வழியா?" என்பார்கள். நிறுத்தங்களில் ஒட்டிய ஏ3 அட்டவணையும் அதோடு சேர்ந்த வரைபடமும் கோடை, மழை, சித்திரைத் திருவிழா எல்லாவற்றையும் பார்த்துவிட்டன. இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் தாள்தான் பயன்படுகிறது. வழித்தட எண் வரிசையில் அச்சடித்த தாளின் முன்னால் நின்றவர்கள்கூடக் கடைசியில் பக்கத்துக் கடைக்காரரைத்தான் கேட்டார்கள்.

அதனால் தலைப்பு, போய்ச் சேரும் நிலையமாக இருக்கட்டும்: பெரியார், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், அண்ணா. ஒவ்வொன்றின் கீழும் "சிம்மக்கல் வழி", "காளவாசல் வழி" என்று வழி. எண் வலது ஓரத்தில் வந்தால் போதும். எண்ணோடு ஒட்டி வரும் ஆங்கில எழுத்தால் பாதையே மாறிவிடும். தூரத்திலிருந்து வரும் பஸ்ஸில் அந்த எழுத்து கண்ணில் படாது. தாளின் அடியில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பட்டை அவசியம்: தேனி, கொடைக்கானல், திண்டுக்கல், கோவைக்கு ஆரப்பாளையம், சென்னை, திருச்சி, நெல்லை, ராமேஸ்வரத்துக்கு மாட்டுத்தாவணி. நிலையம் மாறி இறங்கிவிட்டால் மூட்டை முடிச்சோடு நகரையே குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

நேரம் எழுதுவதில்தான் பெரும்பாலான அட்டவணைகள் சறுக்குகின்றன. புறப்படும் நிலையத்தின் நேரத்தை அப்படியே ஒட்டினால் நடுவழி நிறுத்தத்தில் நிற்பவருக்குப் பயனில்லை. அந்த நிறுத்தத்தைப் பஸ் கடக்கும் நேரத்தை வேலை நாட்களில் ஒரு வாரமாவது குறிக்க வேண்டும், ஞாயிறு தனி. கிடைத்த நேரங்களின் சராசரியைப் போடக் கூடாது, முந்தி வந்த நேரத்தையே போட வேண்டும். பஸ் தாமதமானால் பயணி காத்திருப்பார், முந்திப் போய்விட்டால் அந்த நடையே அவருக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து வரும் வழிகளுக்கு இடைவெளி மட்டும் போதும். டிரைவர், கண்டக்டர் டூட்டி மாறும் மதிய நேரத்தில் அந்த இடைவெளி நீண்டுவிடும். அதற்குத் தனி வரி வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகம் தேடப்படுவது கடைசி பஸ். அதற்கு முந்தைய பஸ்ஸையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் கடைசி நடை ரத்தாகும் நாட்கள் உண்டு.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறுவதா, அதற்கடுத்த இலவச பஸ்ஸுக்குக் காத்திருப்பதா என்ற கணக்கு பல வீடுகளின் மாதச் செலவையே தொடுகிறது. அட்டவணையில் அந்த இலவச பஸ் வரிகளை இளஞ்சிவப்பில் அச்சடித்ததுதான் முதலில் கெட்டது. வெயிலில் இளஞ்சிவப்பைத் தரும் மஜெந்தா மை சீக்கிரம் வெளுக்கும், கறுப்பு நிற்கும். ஒரே கோடையில் அந்த வரிகள் மற்றவற்றோடு கலந்து அடையாளம் தெரியாமல் போயின. "மகளிர் இலவசம்" என்று கறுப்பில் எழுதிய பிறகு சிக்கல் தீர்ந்தது. நிறத்தை மட்டும் நம்பாமலிருப்பது நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் நல்லது.

வரைபடத்தை அளவு மாறாமல் வரைந்தால் மதுரைக்கு ஒத்துவராது. வெளிவீதிகளை ஒட்டி நிறுத்தங்கள் நெருங்கிக் கிடக்கும். ஒத்தக்கடை, திருப்பரங்குன்றம் பக்கம் தாள் வெறுமையாகிவிடும். 1933இல் வெளியான ஹாரி பெக்கின் லண்டன் சுரங்க ரயில் வரைபடம்போல் கோடுகளை நேராக்கி, இடைவெளியைச் சமப்படுத்த வேண்டும். ஆனால் மீனாட்சி அம்மன் கோயில், வைகை, ஏ.வி. பாலம், ரயில்வே ஜங்ஷன் நான்கையும் எடுத்துவிடக் கூடாது. இங்கே திசை சொல்வது "ஆத்துக்கு அந்தப் பக்கம்", "கோயிலுக்கு மேற்கே" என்றுதான். அவை இல்லாத வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தையே பலரால் காட்ட முடியவில்லை.

ஊர்ப் பெயர்களைச் சாய்த்து எழுதாதீர்கள். "திருப்பரங்குன்றம்" போன்ற நீளப் பெயரை இரண்டு வரியாக மடிக்கலாம். தமிழில் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீளும். வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது வேண்டும். மிகத் தடித்த எழுத்துருவில் "ணை", "னை" சுழிகள் மையில் அடைபட்டுவிடும். நடுத்தரத் தடிமன் போதும்.

கைப்பேசியிலும் இதே தகவல் வர வேண்டுமானால் பஸ் நேரங்களையும் நிறுத்தங்களையும் செயலிகள் படிக்கும்படி எழுதும் ஜிடிஎஃப்எஸ் (GTFS) என்ற பொதுத் தரவு வடிவம்தான் வழி. அதில் அடிக்கடி நடக்கும் பிழை, சாலையின் இரு பக்கத்துக்கும் ஒரே நிறுத்தப் புள்ளி வைப்பது. கோரிப்பாளையம் போன்ற சந்திப்பில் திசைக்கொரு நிறுத்தம் உண்டு. ஒவ்வொன்றையும் தனியாகப் பதிந்து, "சிம்மக்கல் நோக்கி" என்று பெயரிலேயே காட்ட வேண்டும். நேரம் தோராயமானால், நேரம் துல்லியமா என்பதைக் குறிக்கும் டைம்பாயின்ட் (timepoint) மதிப்பை 0 என்று வையுங்கள். நள்ளிரவு தாண்டும் நடையை 24:20 என எழுத வேண்டும். 00:20 என்று எழுதினால் செயலி கடைசி பஸ்ஸை அந்த நாளின் முதல் பஸ்ஸாக எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது படமாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆவணமாக அனுப்பினால்தான் சிறிய எண்கள் கலங்காது.

பலகையில் ஃபிளெக்ஸ் கிழிந்தது, ஃபோம் போர்டு வளைந்தது. அலுமினியக் கலப்புத் தகட்டில் ஒட்டிய வினைல்தான் தாங்குகிறது. தாளின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் வாசிக்கலாம். அந்த உயரத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் விழும்; அதற்கு இன்னும் தீர்வில்லை, பக்கத்துக் கடைக்காரரின் கண்காணிப்பு ஓரளவு உதவுகிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் பாதை மாறும்போது முழுத் தாளையும் மாற்ற வேண்டாம். அந்த வரியின் மேல் "இன்று இங்கு நிற்காது, மாற்று நிறுத்தம்" என்ற ஒட்டுத்தாள் போதும். எடுக்க வேண்டிய தேதியையும் அதிலேயே எழுதுங்கள். அட்டவணையின் மேல் மூலையில் சரிபார்த்த மாதமும் ஆண்டும் வேண்டும். தேதி இல்லாத தாளைக் கண்டால் எங்கிருந்தாலும் கழற்றிவிடுங்கள்.