பதினோரு ஆண்டுகள் ஹார்ன்பி டப்ளோவுடன்: பழைய மாடல் இன்ஜின்களைச் சேகரித்துச் சீர்செய்த அனுபவம்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் குடிவந்த மூன்றாம் ஆண்டில், 2014இல், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில், செருப்புப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த மாடல் இன்ஜின் ஒன்றைக் கையில் எடுத்தேன். டெண்டரை (நிலக்கரியும் நீரும் சுமக்கும் பின்பெட்டியை) சேர்க்காவிட்டால் ஒரு சாண் நீளம் கூட வராத அந்தப் பொருள், எடைக்கல்லைத் தூக்கியது போல மணிக்கட்டைக் கீழே இழுத்தது. அரக்குச் சிவப்பு வண்ணம். பக்கவாட்டில் ‘டச்சஸ் ஆஃப் அத்தோல்’ என்ற பெயரும் 6231 என்ற எண்ணும். அந்த வண்ணத்தின் ஆங்கிலப் பெயரான ‘கிரிம்சன் லேக்’கில் உள்ள ‘லேக்’ என்பதே அரக்கைக் குறிக்கும் இந்தியச் சொல்லிலிருந்து போனதுதான் என்பதால், அதை அரக்குச் சிவப்பு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஓடுமா என்று கேட்டதற்கு, அவருடைய தந்தை காலத்தில் ஓடியது என்றார் விற்றவர். அன்று முதல் இன்றுவரை பதினேழு இன்ஜின்கள் வாங்கியிருக்கிறேன். இப்போது வீட்டில் இருப்பவை பதினொன்று. அவற்றை வாங்கியது, பிரித்தது, கெடுத்தது, சரிசெய்தது எல்லாவற்றையும், இதில் இறங்க நினைப்பவருக்குப் பயன்படும் அளவில் இங்கே எழுதுகிறேன்.

ஹார்ன்பி டப்ளோ என்பது லிவர்பூலின் பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ நிறுவனம் 1938இல் சந்தைக்குக் கொண்டுவந்த மாடல் ரயில் வரிசை. நிறுவனர் ஃபிராங்க் ஹார்ன்பி அதைப் பார்க்க உயிருடன் இல்லை, 1936இலேயே காலமாகிவிட்டார். ஓர் அடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்கும் ‘டபுள் ஓ’ அளவு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாள அகலம், 12 வோல்ட் நேர்மின்சாரம், துத்தநாகக் கலவையில் வார்த்த கனமான உடல் ஆகியவைதாம் அதன் இலக்கணம். போர்க்காலத்தில் உற்பத்தி நின்று, பிறகு மீண்டும் தொடங்கியது. 1959இல் இரண்டு தண்டவாள முறைக்கு மாறத் தொடங்கியபோது போட்டியாளரான டிரை-ஆங் மலிவான பிளாஸ்டிக் ரயில்களால் கடைகளை நிரப்பியிருந்தது. 1964இல் டிரை-ஆங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவையே வாங்கிவிட்டது. டப்ளோவின் கதை அத்தோடு முடிந்தது.

நான் சேர்ப்பவை பெரும்பாலும் மூன்று தண்டவாள இன்ஜின்கள். நடுவில் ஒரு தண்டவாளம் ஓடுவது பார்வைக்கு நிஜ ரயிலைப் போல இராது என்று குறை சொல்பவர்கள் உண்டு; அது உண்மைதான். ஆனால் எழுபது வயதான இன்ஜினைப் பழுதுபார்க்க உட்காரும்போது அந்த நடுத் தண்டவாளத்தின் அருமை தெரியும். மின்சாரம் நடுவில் வந்து, வெளிப்புறத் தண்டவாளங்கள் இரண்டின் வழியாகவும் திரும்பிச் செல்கிறது. ஆகவே சக்கரங்களுக்கு மின்காப்பு தேவையில்லை. இன்ஜினின் உடல் முழுவதுமே மின்சுற்றின் ஒரு பாதி. ஓடாவிட்டால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மிகச் சில: நடுத் தண்டவாளத்தை உரசும் தொடுப்பு, அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பி, கார்பன் பிரஷ்கள் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டுகள்), கம்யூட்டேட்டர் (அவை உரசும், துண்டுகளாகப் பிரிந்த சுழலும் பகுதி). தடம் வளைந்து திரும்பி, வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் சேர்ந்தாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது என்பது கூடுதல் வசதி.

அத்தோலைத் தடத்தில் வைத்தபோது முதலில் அசையவே இல்லை. உள்ளே இருந்த எண்ணெய் காலப்போக்கில் கெட்டியாகி, தேன் நிறத்தில், அடிபிடித்த வெல்லப்பாகு போல ஒட்டிக்கிடந்தது. அதைக் கரைத்துத் துடைத்து, கம்யூட்டேட்டரின் துண்டுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் அடைந்திருந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, பிரஷ்களைச் சுத்தம் செய்து மாட்டினேன். ஓடியது. ஆனால் வெறும் இன்ஜினாக வேகமாகப் பறந்ததே தவிர, மூன்று பெட்டிகளைக் கட்டியதும் திணறிச் சூடேறியது. ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுழலும் சுருள் பகுதி, கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் மூன்று சுருள்களையும் மீட்டரில் அளந்தேன். மூன்றும் ஒரே அளவைக் காட்டின. ஆக, சுருள்களில் பழுதில்லை. குற்றவாளி காந்தம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் மிகுதியாக ஏமாறும் இடம் இதுவே. நிலைக்காந்தம் பலவீனமானால் மோட்டார் மெதுவாக ஓடும் என்றுதான் நம் மனம் கணக்குப் போடும். நடப்பது நேர்மாறானது. காந்தப்புலம் குறையும்போது சுழலும் ஆர்மேச்சரில் எதிராக உண்டாகும் மின்னழுத்தமும் குறைவதால், சுமையில்லாத மோட்டார் முன்னைவிட வேகமாகச் சுற்றும், கூடுதல் மின்சாரத்தை இழுக்கும், ஆனால் இழுவிசை இராது. என் அத்தோல் சுமையோடு ஏறத்தாழ ஓர் ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. காந்தத்துக்கு மீண்டும் சக்தியேற்றும் கருவி வைத்திருந்த ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். ஒரு நொடி ‘டொக்’ என்ற சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அதே மூன்று பெட்டிகளைக் கட்டி அளந்தால் 0.6 ஆம்பியர். அவர் எனக்கு ஒரு விதியும் சொல்லித்தந்தார்: இந்தப் பழைய மோட்டார்களில் ஆர்மேச்சரை வெளியே எடுக்க நேர்ந்தால், காந்த முனைகளுக்கு நடுவே உடனே ஓர் இரும்புத் துண்டைப் பாலமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடைவெளியே காந்தத்தின் சக்தியைக் குறைத்துவிடும். சுத்தம் செய்வதாக நினைத்து ஆர்மேச்சரை உருவி மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவன் நான். எனவே அந்தக் காந்தம் பலவீனமானதில் எனக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அடுத்த பிழை முழுக்க முழுக்க என்னுடையது. பச்சை நிற ‘டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்’ ஒன்று, 46232, அழுக்கேறியிருந்தாலும் அசல் வண்ணத்தோடு கிடைத்தது. மோட்டார் துடைக்க வைத்திருந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுமுனையில் தொட்டு, எண் ஒட்டியிருந்த இடத்தில் மெதுவாகத் தேய்த்தேன். இரண்டாவது தேய்ப்பில் பஞ்சு மஞ்சளானது. மூன்றாவது தேய்ப்பு இருந்திருக்கக் கூடாது. கடைசி இலக்கமான 2இன் வால் கரைந்து போயிருந்தது. அந்த எண்கள் வண்ணத்துக்கு மேல் ஒட்டிய மிக மெல்லிய படலம், அவற்றின் மேல் ஒரு பூச்சு. இரண்டுமே ஆல்கஹாலுக்குத் தாங்கா. இன்றைக்கும் அந்த இன்ஜினில் அந்த எண் முழுமையாக இல்லை. புதிய ஒட்டெழுத்து வாங்கி ஒட்டலாம்; கிடைக்கிறது. நான் ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு என் வேலைமுறை மாறியது. இயந்திரப் பகுதியில் எதையும் தயங்காமல் மாற்றுவேன்: பிரஷ், ஸ்பிரிங், கம்பி, தேய்ந்த தொடுப்பு. வண்ணத்தைத் தொடமாட்டேன். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம், மென்மையான தூரிகை, பிறகு பருத்தித் துணி, அவ்வளவுதான். விளிம்புகளில் வண்ணம் உதிர்ந்து சாம்பல் நிற உலோகம் தெரிந்தால் தெரியட்டும். முழுமையாகச் சுரண்டி மறுபூச்சு செய்த இரண்டு இன்ஜின்களை முதல் ஆண்டுகளில் வாங்கியிருந்தேன். தூரத்திலிருந்து பளபளப்பாகத் தெரிந்தாலும், பொருத்தாணிகளின் தலைகளும் கொதிகலன் பட்டைகளின் ஓரங்களும் தடித்த பூச்சுக்குள் மூழ்கிப்போயிருந்தன. இரண்டையும் விற்றுவிட்டேன். மேலும் ஒன்று: அக்கால வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால், உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பது வீட்டில் குழந்தைகள் உள்ளவர்களுக்கு உகந்ததன்று.

அரிய இன்ஜின்களைத் தேடும்போதுதான் மறுபூச்சு வேறு வகையில் காலை வாரும். டப்ளோவில் உண்மையிலேயே அரியவை பெரும்பாலும் கடைசிக் காலத்து மூன்று தண்டவாள வகைகள். 1961இல் வந்த ‘சிட்டி’ இன்ஜினை இரண்டு தண்டவாள முறைக்கு ‘சிட்டி ஆஃப் லண்டன்’, 46245 என்றும், மூன்று தண்டவாள முறைக்கு ‘சிட்டி ஆஃப் லிவர்பூல்’, 46247 என்றும் இரு பெயர்களில் விற்றார்கள். அதுபோலவே இன்னொரு இன்ஜினை இரண்டு தண்டவாளத்துக்கு ‘பார்ன்ஸ்டேபிள்’ என்றும் மூன்று தண்டவாளத்துக்கு ‘டார்செஸ்டர்’ என்றும் விற்றார்கள். அந்நேரம் புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு தண்டவாளத்துக்குப் போய்விட்டதால், லிவர்பூலும் டார்செஸ்டரும் குறைவாகவே விற்றன. இன்று அவற்றுக்கே கிராக்கி. 2019இல் ஓர் ஏலத்தில் ‘சிட்டி ஆஃப் லிவர்பூல்’ ஒன்றைப் படத்தை மட்டும் பார்த்து எடுத்தேன். வந்து சேர்ந்ததும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், எண்ணைச் சுற்றி ஒட்டுப்படலத்தின் ஓரம் மீன் செதில்போல மின்னியது. திருப்பிப் பார்த்தால் சக்கரங்கள் மின்காப்பிட்டவை. மூன்று தண்டவாள இன்ஜினுக்கு அந்தக் காப்பு தேவையே இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒரு லண்டன் இன்ஜினுக்கு அடியில் நடுத்தொடுப்பைத் திருகி, பெயரை மாற்றி லிவர்பூலாக்கியிருந்தார்கள். ஏல விளக்கத்தில் ‘சிறிதளவு சீர்செய்யப்பட்டது’ என்றிருந்தது. பாதிப் பணம் திரும்பக் கிடைத்தது. மீதிப் பாதி பாடத்துக்கான கட்டணம். ஆகவே அரிய பெயருடைய இன்ஜின் வாங்குவோர் பெயரைப் பார்க்குமுன் சக்கரத்தைப் பார்க்கவும். அசல் அட்டைப்பெட்டியோடு வருகிறதே என்று சமாதானம் அடையவும் வேண்டாம். பெட்டிகளுக்கும் நல்ல நகல்கள் வந்துவிட்டன.

பெயர் மாற்றத்தில் நிஜ ரயில்வே மட்டும் சளைத்ததா என்ன? நான் வைத்திருக்கும் டப்ளோ ‘பிரிஸ்டல் காசில்’, எண் 7013, 1957இல் சந்தைக்கு வந்தது. நிஜத்தில் 1952இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வல ரயிலை ‘வின்ட்சர் காசில்’, 4082, இழுக்க வேண்டும் என்று விரும்பியபோது அது பயன்படுத்தும் நிலையில் இல்லை. எனவே பிரிஸ்டல் காசிலோடு பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டார்கள். பிறகு திருப்பி மாற்றவே இல்லை. என் மேசையில் இருக்கும் பெயருக்குரிய நிஜ இன்ஜின் அப்போது வேறொரு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. டச்சஸ் வகையிலும் மொத்தம் 38 இன்ஜின்கள் க்ரூ பணிமனையில் கட்டப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை மூன்று. அத்தோல், மான்ட்ரோஸ், சிட்டி ஆஃப் லிவர்பூல் மூன்றுமே அந்த மூன்றில் இல்லை.

அன்றாடப் பயன்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பிரஷ்களும் ஸ்பிரிங்குகளும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அதிகத் தொல்லை தருவது சக்கரங்களே. இடப்பக்க, வலப்பக்கச் சக்கரங்களின் இணைப்பு ஊசிகள் ஒன்றுக்கொன்று கால் சுற்றுத் தள்ளி நிற்க வேண்டும். அச்சில் சக்கரம் தளர்ந்து அந்தக் கோணம் நழுவினால், ஒவ்வொரு சுற்றிலும் இணைப்புத் தண்டு ஒருமுறை பிடித்து விடும், இன்ஜின் நொண்டியடிக்கும். அச்சில் பிடிப்புப் பசை இட்டு, கோணத்தைச் சரிபார்த்து, ஓர் இரவு அசைக்காமல் வைத்தால் சரியாகிவிடும். பழைய மின்மாற்றிகளை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் கம்பிகளின் ரப்பர் உறை கையில் உதிர்ந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் சொருகவே கூடாது. நான் இக்காலக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையே பயன்படுத்துகிறேன். இன்னொரு குறை ஓசை. தகர அடித்தளத் தடம் மரமேசைமேல் கிடக்க, அதன்மேல் முழு உலோக இன்ஜின் ஓடும்போது எழும் சத்தத்துக்கு, “என்னங்க, மாவு அரைக்கிறீங்களா?” என்று மனைவி அடுத்த அறையிலிருந்து கேட்டதற்குப் பிறகு, தடத்துக்கு அடியில் கார்க் விரித்தேன். ஓரளவு அடங்கியது.

கையால் எதுவுமே செய்ய முடியாத பழுது ஒன்று உண்டு. வார்ப்புக்கான துத்தநாகத்தில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு உள்ளிருந்து தொடங்கி, பல ஆண்டுகளில் உடல் வீங்கி, வளைந்து, வெடித்து உதிரும். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். போருக்கு முந்தைய டப்ளோக்களில் இது பரவலாகக் காணப்படுகிறது, பிந்தையவற்றில் அரிது. இது பக்கத்து இன்ஜினுக்குத் தொற்றும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். தொற்றாது, ஒவ்வொரு வார்ப்பும் பிறக்கும்போதே தன் விதியைச் சுமந்து வருகிறது. ஆனால் பசையோ பூச்சோ அதை நிறுத்தாது என்பதும் உண்மை. பரணிலும் கார் கொட்டகையிலும் வைக்காமல், வெப்பம் அதிகம் ஏறி இறங்காத அறையில் வைப்பது ஒன்றுதான் வழி.

என்னிடம் போருக்கு முந்தைய ‘சர் நைஜல் கிரெஸ்லி’, எண் 4498, ஒன்று இருக்கிறது. நீல வண்ணம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, ஆனால் இடப்பக்கச் சக்கரமறைப்பின் மேல் தலைமுடி அளவு விரிசல். அதை நான் ஓட்டுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி முதல் வாரத்தில், வெர்னியர் அளவுகோலால் உடலின் நீளத்தை ஒரே இரு புள்ளிகளுக்கு இடையே அளந்து நோட்டில் எழுதி வைக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் எண் மாறவில்லை. கடந்த முறை 0.2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. அளவுகோலைத் துடைத்துவிட்டு மீண்டும் அளந்தேன், அதே 0.2.