மௌனத் தேடலா, பகிரங்க அறிவிப்பா?

அரிய சேகரிப்பிலிருந்து ஒரு பொருள் காணாமற்போனால் வெளியே சொல்லாமல் தேடலாம். அல்லது ஊரறியச் சொல்லிவிட்டுத் தேடலாம். ஒரே நிறுவனம் ஒரே பொருளுக்காக இவ்விரு வழிகளையும் அடுத்தடுத்துக் கையாண்டிருக்கிறது என்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகமே தோதான உதாரணம்.

படமெடுப்பதற்காக 2000ஆம் ஆண்டில் காப்பறையிலிருந்து எடுக்கப்பட்ட சார்லஸ் டார்வினின் இரு சிறு குறிப்பேடுகள், 2001 ஜனவரியில் நடந்த வழக்கமான சரிபார்ப்பின்போது அவற்றுக்குரிய இடத்தில் இல்லை. உயிரினங்கள் பொது மூதாதையிலிருந்து கிளைத்துப் பிரிவதைக் காட்டி 1837இல் அவர் வரைந்த ‘உயிர் மரம்’ என்ற படம் அவற்றுள் ஒன்றில்தான் இருக்கிறது. எங்கோ இடம்மாறி வைக்கப்பட்டிருக்கும் என்றே ஊழியர்கள் நம்பினார்கள். 200 கிலோமீட்டருக்கும் அதிகமான அலமாரிகள் கொண்ட கட்டடத்தில் அப்படி நினைப்பது இயல்புதான்; ஆனால் அந்த நம்பிக்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகளை விழுங்கிவிட்டது.

2020 நவம்பரில், அவை திருடப்பட்டிருக்கலாம் என்று நூலகர் ஜெசிகா கார்ட்னர் பகிரங்கமாக அறிவித்தார். காவல்துறைக்கும் தகவல் போனது. இன்டர்போலின் பட்டியலிலும் அவை சேர்க்கப்பட்டன. 2022 மார்ச் 9 அன்று, நூலகர் அறைக்கு வெளியே, கண்காணிப்புக் கேமரா இல்லாத பொது இடத்தில் இளஞ்சிவப்புப் பரிசுப் பை ஒன்று கிடந்தது. அதற்குள் பழைய நீலப் பெட்டியும், நெகிழித்தாளில் சுற்றிய இரு குறிப்பேடுகளும், நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லும் உறையும் இருந்தன. அறிவிப்பினால்தான் அவை திரும்பின என்று நிரூபிக்க முடியாது. ஆயினும் இருபது ஆண்டு மௌனத்துக்குக் கிட்டாதது பதினாறு மாதங்களுக்குள் கிட்டியது.

மௌனத்தின் பக்கம் சொல்லப்படும் காரணங்களுள் நன்கொடையாளர் மனம் சுளிப்பார், நிறுவனத்தின் பெயர் கெடும் என்பவை எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. காவல்துறை கேட்டுக்கொள்வதால் சில வாரங்கள் பொறுப்பது மட்டுமே ஏற்கத்தக்கது. திருட்டுப் பொருள் என்றே அறியாத வணிகர் அதை வாங்க மறுப்பதற்கு வழியேது? 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில், தரையில் விழுந்த கத்தி அலகொன்றால் பிடிபட்ட நிலப்பட வணிகர் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி, பல நூலகங்களிலிருந்து 97 நிலப்படங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார்; அவற்றுள் பல அதற்குள் வணிகர்கள் கைக்குப் போய்விட்டிருந்தன.

பகிரங்க அறிவிப்புக்கும் ஒரு முன்தேவை உண்டு: முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்த ஓரம் கிழிந்திருக்கிறது என்ற விவரங்களும் படங்களும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். நான் போய்வரும் நூலகமொன்றில் கோரிக்கைச் சீட்டு ‘இருப்பில் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வரும். அந்த நூல் பைண்டிங்குக்குப் போயிருக்கிறதா, தொலைந்தே போயிற்றா என்பதை அந்தக் குறிப்பிலிருந்து யாராலும் அறிய முடியாது.