யாங்கோன் விடுதி: அறைக்கு மூன்று நட்சத்திரம், அக்காவின் யோசனைக்கு ஐந்து

மியான்மரின் யாங்கோன் நகரில் சூலே பகோடா என்ற பௌத்தக் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன விடுதியைப் பற்றி எழுதுகிறேன், ஆனால் பெயர் போட மாட்டேன். அதை நடத்துகிற தமிழ் அக்காவே "நல்லதா எழுதினாலும் பேர் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டார். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த நாட்டில் விடுதி நடத்துகிறவர் அப்படிச் சொன்னால், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பெயர் இல்லாமல் என்ன விமர்சனம் என்றால், அந்தப் பக்கத்துச் சின்ன விடுதிகள் பலவற்றிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான், படித்துவிட்டுப் போனால் உதவும்.

முதலில் அறை. சுமார்தான். சுத்தமான படுக்கை, பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்துத் திறக்கிற ஜன்னல், ஓர் ஏசி. மின்சாரம் இருந்தால்தானே ஏசி ஓடும்? யாங்கோனில் மின்வெட்டு மணிக்கணக்கில் போகிறது. பதிவு செய்யும்போது 24 மணி நேர மின்சாரம் என்று போட்டிருந்தார்கள். அங்கே போன பிறகுதான் ஜெனரேட்டரில் விளக்கும் மின்விசிறியும் மட்டுமே ஓடும், ஏசியும் வெந்நீரும் அதில் கிடையாது என்று தெரிந்தது. இதற்காகவே இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் சமாளிக்கலாம், ஏப்ரலில் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே 'ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் நகல் எடுத்துக்கொள்வார்கள். தங்குகிறவர்களின் விவரம் அதிகாரிகளுக்குப் போகும், அது சட்டம், விடுதிக்காரர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வெளிநாட்டவர் உரிமம் உள்ள இடத்தில்தான் தங்க வேண்டும், அதனால் தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடு போகாதீர்கள், மாட்டிக்கொள்வது அந்த வீட்டுக்காரர். சுற்றுலா இ-விசா 50 டாலர், 28 நாள் தங்கலாம்.

அப்புறம் பணம். கார்டை நம்பிப் போகவே போகாதீர்கள். டாலரைத் தாளாகக் கொண்டுபோங்கள், அதுவும் மடிப்பு, மை, கிழிசல் எதுவும் இல்லாத புதுத் தாளாக. அக்கா என் நோட்டுகளைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பேனா கீறல் இருந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கினாலும் அடுத்தவர் வாங்க மாட்டார், அதுதான் காரணம். 2022இல் ஒரு டாலருக்கு 2,100 சாட் (அந்த நாட்டு நாணயம்) என்று அரசு நிர்ணயித்தது, சந்தை விலை அதைவிட மிக உயரத்தில் போனது, ஒரு கட்டத்தில் இரண்டு மடங்கையும் தாண்டியது. அதற்காகத் தெருவில் கிசுகிசுக்கிறவரிடம் மாற்றப் போய்விடாதீர்கள், சிக்கினால் உங்களுக்கும் அவருக்கும் வம்பு.

சரி, அந்த ஐந்து நட்சத்திரத்துக்கு வருகிறேன். இந்த விடுதியில் காசு கொடுத்து வாங்குவது அறையை அல்ல, அக்காவோடு காலையில் பேசுகிற அரை மணி நேரத்தை என்றே சொல்வேன். பழைய பௌத்தக் கோயில்கள் நிறைந்த பாகானுக்கு விமானத்தில் போ, இரவுப் பேருந்து வேண்டாம் என்றார். இன்லே ஏரிக்குப் போவதானால் அந்த வாரம் நிலைமை எப்படி என்று விசாரித்துவிட்டுப் போகச் சொன்னார். ரக்கைன், சின், சகாயிங் பக்கம் சண்டை, பேச்சே எடுக்காதே. மண்டலே 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் பட்ட அடி சின்னதல்ல, சகாயிங்குக்குப் போகிற பழைய அவா பாலமே இடிந்து விழுந்தது. பாகானில் கோபுரங்கள் மேல் ஏறத் தடை, யாராவது காசு கேட்டு 'வழி இருக்கிறது' என்றால் ஒதுங்கிவிடு.

போனைப் பற்றி இன்னும் கண்டிப்பு. ஃபேஸ்புக் 2021இலிருந்தே முடக்கம், அதனால் முடக்கத்தைத் தாண்டிப் போக எல்லாரும் விபிஎன் செயலி போட்டுக்கொள்கிறார்கள், ஆனால் சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்க்கும்போது அதுவே பிரச்சினை. ஊர் விட்டு ஊர் போகும் முன் நீக்கிவிடு, ராணுவத்தை, காவலரை, பாலத்தைப் படம் எடுக்காதே, ட்ரோன் கொண்டுவராதே. டாக்சிக்காரரிடம் அரசியல் கேட்காதே, நீ விமானம் ஏறிவிடுவாய், அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் அமல்படுத்தியதிலிருந்து வரவேற்பில் இருக்கிற பையன் இருட்டிய பிறகு வெளியே போவதில்லை, சாப்பாடு வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

புத்தர் விஷயத்தில் விளையாட்டே கூடாது. யாங்கோனின் பெரிய பகோடாவான ஷ்வேடகோனில் செருப்பை மட்டுமல்ல, சாக்ஸையும் கழற்ற வேண்டும், முழங்கால் மறைய வேண்டும். காலில் புத்தர் பச்சை குத்தியவர்களை நாட்டை விட்டே அனுப்பியிருக்கிறார்கள். 2016இல் மண்டலேயில் இரவு ஒலிபெருக்கியில் ஓடிய பௌத்தப் பிரசங்கத்தின் இணைப்பைப் பிடுங்கிய டச்சுப் பயணி ஒருவருக்கு மூன்று மாதச் சிறை. ஷ்வேடகோனுக்குப் போகும் முன் நீங்கள் பிறந்த கிழமையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு கிழமைக்கும் அங்கே தனிச் சன்னிதி, புதன்கிழமைக்கு மட்டும் காலை ஒன்று மாலை ஒன்று.

காலை உணவு மோஹிங்கா. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், மேலே பருப்பு வடை நொறுக்கி, எலுமிச்சை பிழிந்து. பிரமாதம். சைவம் என்றால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள், தேயிலை சாலட்டில்கூட உலர் இறால் இருக்கும். ஃப்ரிட்ஜில் மியான்மர் பீர் கிடையாது, ராணுவத்தின் நிறுவனத்துக்குப் போகிற காசு என்று ஆட்சி கவிழ்ப்புக்குப் பிறகு நிறையப் பேர் அதைத் தொடுவதில்லை. இந்த நேரத்தில் அந்த நாட்டுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டால் எனக்கே இரண்டு மனம்தான், விசாக் காசு அரசுக்குப் போகிறது, அறைக் காசு அக்காவுக்குப் போகிறது.

அனவ்ரட்டா சாலை காளி கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். போஜோக் சந்தை திங்கட்கிழமை மூடியிருக்கும். முன்பதிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் தாமதமாகத்தான் வரும், இணையம் அப்படி. லிஃப்ட் கிடையாது, இரண்டாம் மாடிக்கு மேல் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.