எம்டன் கப்பல் வாங்கப் போய் ஓர் எம்டனிடம் மாட்டிக்கொண்டேன்

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்கள், குறிப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் பழைய கிட் (பாகங்களாக வரும் மாடல் பெட்டி) வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். ஒரு கிட், அதற்கான பித்தளைப் பாகங்கள், பெயின்ட்டை இளக்கும் தின்னர் அரை பாட்டில், கூரியர் எல்லாம் சேர்த்து எனக்குப் போனது 6,200 ரூபாய். பணம் போனதைக்கூட ஆறப்போட்டுவிடுவேன். அந்தத் தின்னர் செய்த வேலையைத்தான் பொறுக்க முடியவில்லை.

எம்டன் கப்பல் மீதான ஆசை எனக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. வீட்டில் யார் சாமர்த்தியமாக நழுவினாலும் "சரியான எம்டன்டா நீ" என்பார். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் கடலோரம் வந்து நின்று, 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் கப்பல் அது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது, தாத்தா என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அந்தக் கப்பலை ரெவெல் கம்பெனி 1/350 அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது. அசல் 118 மீட்டர், மாடல் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். அலமாரியில் அதற்கு ஓர் இடத்தை ரொம்ப நாளாகக் காலியாகவே வைத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு குழுவில் படம் வந்தது. நீலக் கட்டம் போட்ட போர்வையின் மேல் எம்டன் பெட்டி. நான் கேட்ட அரை நிமிடத்தில் பதில். "சீல் உடைக்காத பீஸ் அண்ணா. ரெண்டு பேர் கேட்டுட்டே இருக்காங்க. நீங்க கட்டுவீங்கன்னு தெரியும், அதான் உங்களுக்கு வெச்சிருக்கேன்." நான் கட்டுவேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பேச்சு அவ்வளவு இனிப்பு. உள்ளே இருக்கும் பாகங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "சீல் போயிடும்ணா" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. யூபிஐயில் பணம் போடும்போது திரையில் வந்தது வேறொரு பெயர், ஒரு பெண் பெயர். "அம்மா அக்கவுண்ட்" என்றான். சரி என்று போட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை மூலைகளில் சுருண்டு, ஓரிடத்தில் லேசாகக் கருகியிருந்தது. யாரோ ஹேர் டிரையரை வைத்துச் சூடுகாட்டி ஒட்டிய மாதிரி. அப்போதே செல்போனை எடுத்து வீடியோ போட்டிருக்க வேண்டும். பொம்மையைக் கண்ட பையனைப் போலப் பிரித்துவிட்டேன்.

உள்ளே ஸ்ப்ரூக்கள் இருந்த கவர்கள் எல்லாமே கத்தரித்தவை. ஸ்ப்ரூ என்பது பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம். ஒரு சட்டமே காணவில்லை. எம்டனில் 10 பீரங்கிகள், என் பெட்டியில் 4. புகைபோக்கி 3 இருக்க வேண்டும், எனக்குக் கிடைத்தது இரண்டரை, அதாவது மூன்றாவதில் ஒரு பாதி. அசல் எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது எதிரியை ஏமாற்ற நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு போனது. எனக்கு வந்தது இருந்ததையும் கழற்றிவிட்டு வந்த எம்டன். டீக்கால் தாள், அதாவது கப்பலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள், பழைய பஞ்சாங்கம் போல மஞ்சளாக இருந்தது. அதற்குக்கூட வழி உண்டு, கண்ணாடி ஜன்னலில் சில நாள் வெயிலில் ஒட்டி வைத்தால் ஓரளவு வெளுக்கும். பித்தளைத் தகட்டில் வந்த கைப்பிடிக் கம்பிகளைக் கப்பலோடு வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது. அவை 1/700 அளவுக்கானவை, எனக்கு வேண்டியதில் பாதி. என் மாலுமிகளுக்கு முழங்கால் வரைதான் வரும், ஓர் அலை அடித்தால் எல்லோரும் கடலில்.

உடனே எழுதினேன். "நீங்க பிரிச்சிட்டு இப்ப வந்து சொன்னா எப்படிண்ணா? அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" என்று கேட்டான். என்னிடம் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் பாதி நஷ்டத்தோடு போயிருக்கும். இருக்கிற உடல்பகுதியையாவது கட்டலாம், பீரங்கிகளைப் பிறகு எங்காவது தேடலாம் என்று உட்கார்ந்தேன். போருக்கு முன் எம்டன் வெள்ளையாக இருந்தது, கிழக்கின் அன்னம் என்றே அதற்குப் பெயர். மெட்ராஸுக்கு வந்தபோது சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் எந்தச் சாம்பல் என்று கருப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவதே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயின்ட்டில் ஒரு கலவை செய்து, இவன் அனுப்பிய தின்னரை ஊற்றி ஏர்பிரஷ்ஷில் (பெயின்ட்டைக் காற்றோடு தெளிக்கும் கருவி) அடித்தேன். பாட்டில் டாமியாவின் அக்ரிலிக் தின்னரான எக்ஸ்-20ஏ, 250 மில்லியில் பாதி. எனக்கு அன்று கடும் ஜலதோஷம், மூக்கு வேலை செய்யவில்லை. கதவைச் சாத்திய பால்கனியில் அடித்ததால் தலைவலி மட்டும் வந்தது, அதையும் ஜலதோஷத்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.

முன்பக்கத்தில் பெயின்ட் ஓரிடத்தில் வழிந்தது. வழக்கம்போலப் பஞ்சுக் குச்சியைத் தின்னரில் தோய்த்துத் துடைத்தேன். பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் பாகு போல இழுபட்டு வந்தது. வரிசையாக இருந்த வட்ட ஜன்னல்கள் நான்கு இருந்த இடம் தெரியாமல் வழித்துக்கொண்டு போயின. பதறிப்போய் இன்னொரு குச்சியால் துடைத்தேன், இன்னும் மூன்று போயின.

வேண்டாத ஸ்ப்ரூ துண்டு ஒன்றை அந்தத் தின்னரில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி கிடந்தது. இரண்டு நாள் கழித்து மூக்கு திறந்ததும் முகர்ந்தேன். கார் பெயின்ட் அடிக்கும் பட்டறை வாசனை. அக்ரிலிக் தின்னர் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் போல வாசனை வரும், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. இது ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் என்சி தின்னர், பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். காலி பாட்டிலில் அதை ஊற்றி 400 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறான்.

அதனால் யார் கொடுத்தாலும், நண்பரே கொடுத்தாலும், திறந்த பாட்டில் தின்னரை முதலில் ஸ்ப்ரூ துண்டில் சோதித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. கிட் விஷயத்தில், சீல் போய்விடும் என்று சொல்கிறவனிடம் "போகட்டும், சட்டங்களை வரிசையாக வைத்துப் படம் எடு" என்று சொல்லுங்கள். கட்டப்போகிறவனுக்குச் சீல் எதற்கு? பெட்டி வந்தால் கூரியர் ஒட்டிய சீட்டிலிருந்து கடைசிக் கவர் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். அடுத்தவர் கணக்குக்குப் பணம் கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசி, இணையத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். புகார் எண் ஒன்று கிடைத்திருக்கிறது. நான் தாமதமாகத்தான் பேசினேன். 1930-இல் எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குத்தான் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு. அவன் முதலில் பதில் போடுவதை நிறுத்தினான், பிறகு அவனுடைய முகப்புப் படமும் மறைந்துபோனது.

நேற்று வேறொரு குழுவில் 1/350 பிஸ்மார்க், இன்னொரு ஜெர்மன் போர்க்கப்பல் கிட், ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. எண் புதிது, பெயர் புதிது. "சீல் உடைக்காத பீஸ்." பெட்டிக்குக் கீழே அதே நீலக் கட்டம் போட்ட போர்வை.