ஆயுத பூஜை ரயில் டிக்கெட்டில் 7,500 ரூபாய் போச்சு: தெருமுனைக் கடைகளில் டிக்கெட் போடுபவர்கள் கவனம்!

நேற்றுதான் பெங்களூர் திரும்பினோம். வயிறு எரிகிறது, அதனால் உடனே எழுதுகிறேன்.

நண்பர்கள் ஐந்து பேர் ஆயுத பூஜை விடுமுறைக்கு ஹம்பி கிளம்பினோம். ஹம்பி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டே. பண்டிகை நேரம், எந்த வகுப்பைப் பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். அல்சூரில் எங்கள் வீட்டுப் பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ், டிக்கெட் எல்லாம் செய்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் நம் தமிழ் ஆள், தர்மபுரிப் பக்கம். என் அம்மாவுக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்தபோது காசே வேண்டாம் என்றவர். “தம்பி, நம்ம பசங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? இப்ப வெயிட்டிங்ல போடுறேன், எமர்ஜென்சி கோட்டால கன்ஃபார்ம் பண்ணித் தர்றேன்” என்றார். அவசரத் தேவைக்காக ரயில்வே ஒதுக்கி வைக்கிற இடங்கள்தான் அந்தக் கோட்டா. எங்கள் பெயர், வயதை எல்லாம் நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டார். அந்த நிதானம்தான் எங்களை நம்ப வைத்தது. தலைக்கு 1,500, மொத்தம் 7,500 ரூபாய், அங்கேயே ஜிபே செய்தோம்.

கிளம்புகிற அன்று மெஜஸ்டிக் ரயில் நிலையம் போகும் வழியில்தான் வாட்ஸாப்பில் டிக்கெட் படம் வந்தது. பி2 பெட்டி, ஐந்து பெர்த், எல்லாமே கன்ஃபார்ம்.

ரயிலில் ஏறினால் அந்த பெர்த்துகளில் ஒரு குடும்பம் போர்வை விரித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) தன் கருவியில் பார்த்தார், எங்கள் பெயரே இல்லை. டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஐந்தும் வெயிட்டிங் லிஸ்ட்! படத்தில் மட்டும் கடைக்காரர் பெர்த் எண்ணைத் திருத்தியிருக்கிறார். அப்புறம் டிடிஇ சொன்னதுதான் இன்னும் கொடுமை. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங்கில் நின்றுவிட்டால், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகிவிடும், எந்தக் கணக்கிலிருந்து எடுத்தார்களோ அதற்கே பணம் திரும்பிவிடும். அதாவது ரயில்வே கொடுக்கும் பணமும் அவருக்கு, எங்கள் 7,500 ரூபாயும் அவருக்கு.

அபராதம் கட்டிவிட்டு எலகங்காவில் இறங்கி ஜெனரல் பெட்டிக்கு ஓடினோம். கழிவறைக் கதவை ஒட்டி, ஒரு காலை ஊன்றத்தான் இடம். பூசணிக்காய் மூட்டையோடு நின்ற ஒரு அம்மா, கதவு திறக்கும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குண்டக்கல் தாண்டித்தான் உட்காரவே முடிந்தது. என் நண்பனுக்குக் கால் வீங்கி, விட்டலர் கோயில் வரை நடக்க முடியாமல் அறையிலேயே படுத்துவிட்டான்.

கடைக்காரருக்குப் போன் செய்தால் முதலில் “சார்ட்ல ஏதோ தப்பு” என்றார். அடுத்து “டிடிஇ காசுக்காக அப்படித்தான் சொல்வாரு.” அப்புறம் “ரீஃபண்ட் வரட்டும் தம்பி, ரயில்வே லேட் பண்ணுது.” இன்று காலை கடைக்கே போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே இருந்த பையன் “அண்ணன் ஊருக்குப் போயிருக்காரு” என்கிறான். வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 7,500 ரூபாய், ஐந்து பேருடைய சம்பளக் காசு!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். யார் படம் அனுப்பினாலும் பிஎன்ஆர் எண்ணை 139-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி நீங்களே பாருங்கள். எமர்ஜென்சி கோட்டா கடையில் விற்கிற சரக்கு இல்லை, அதைச் சொல்லிக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் டிக்கெட் எடுத்து விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை. ரயில்வே பாதுகாப்புப் படையிடம் (ஆர்பிஎஃப்) புகார் கொடுக்கலாம். ஜிபே ரசீதையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு நாளை நான் போகிறேன். தீபாவளிக்கு இப்படி யாரிடமாவது பணம் கொடுத்து வைத்திருந்தால், இன்றே பிஎன்ஆரைப் பாருங்கள்.