அச்சடிக்காமல் லெக்சர் நோட்ஸ்: ஸோர்னல்++ உம் பழைய பென் டப்லெட்டும்

நெல்லின் எரிபந்த நோயையும் கபிலப் புள்ளி நோயையும் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பியில் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். ஸ்லைட்களை ஒரு தாளுக்கு ஆறாகச் சுருக்கி அடித்தால் இரண்டுமே இலையில் பட்ட ஊத்தை மாதிரித்தான் தெரியும். எரிபந்தத்தின் புள்ளி கண் வடிவம், நடு சாம்பல், ஓரம் கபிலம். மற்றது முட்டை வடிவம், அதைச் சுற்றி மஞ்சள் வளையம். நிறம் போனால் பாடமும் போச்சு.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிறேன். ஊர் ஒட்டுசுட்டான். இப்போது லெக்சர் டொக்கியுமென்ட் எதையும் அச்சடிப்பதில்லை. ஸோர்னல்++ என்ற இலவச மென்பொருளில் திறந்து அதன் மேலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஜேர்னல் என்று எழுதி முதல் எழுத்தை எடுத்துவிட்டு எக்ஸ் போட்டுத் தேடினால் வரும். கணித ஆய்வாளர் டெனி ஓரூ எழுதிய ஸோர்னலை வைத்து, அதைப் புதிதாக எழுதி வளர்த்தது இது. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கச் சொல்லாது, இறக்கிய பிறகு இன்டர்நெட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் சிக்னலுக்கு முற்றத்து வேப்பமரத்தடிக்குப் போகவேண்டும். அதனால் இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பெரிது.

மவுஸால் எழுத முயலாதீர்கள், வெறுத்துப்போகும். கொரோனாக் காலத்தில் சூமில் படிப்பித்த ரியூசன் சேர் ஒருவர் தன் பென் டப்லெட்டை 6,000 ரூபாவுக்குத் தந்தார். யூஎஸ்பி வயரில் லப்டொப்போடு கொழுவுகிற சின்னக் கறுப்புப் பலகை அது. பேனைக்கு பற்றரியும் இல்லை, சார்ஜும் இல்லை. கை பலகையில் இருக்கும், கண் திரையில் இருக்கும். முதலில் என் "ழ" வைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அறைத்தோழி எட்டிப் பார்த்து, "இதென்னடி, கையைப் பார்க்காமல் எழுதுறாய்?" என்றாள். பழகினால் வந்துவிடும். செட்டிங்ஸில் கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு அதைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பக்கத்தைப் பெரிதாக்கி வைத்து எழுதினால் எழுத்து இன்னும் தெளிவாக வரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பேனையும் இல்லை, ஹைலைட்டரும் இல்லை. இரண்டு ஸ்லைட்களுக்கு நடுவில் வெறும் பக்கம் ஒன்றைச் செருகலாம், அதுதான். விரிவுரையாளர் ஸ்லைட்டில் மூன்று வரி போட்டுவிட்டு அரை மணித்தியாலம் கதைப்பார். பாடமே அந்த அரை மணித்தியாலத்தில்தான் இருக்கும். அச்சடித்த தாளின் ஓரத்தில் அதை எங்கே எழுதுவது? இங்கே புதுப்பக்கம் போட்டு, ஆங்கில ஸ்லைட்டுக்கு அடுத்து தமிழில் விளக்கம் எழுதிவிடுவேன். கோடு போட்ட பக்கம், கிராப் பக்கம், எது வேண்டுமோ எடுக்கலாம்.

போன காலபோகத்தில் வயலுக்குப் போனபோது அப்பா ஒரு இலையைப் பிடுங்கித் தந்து, "பிள்ளை, இதென்ன நோய் எண்டு உங்கட கம்பஸில சொல்லித் தந்தவையோ?" என்று கேட்டார். கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல். எரிபந்தம்தான். போனில் படம் எடுத்து வந்து, ஸ்லைட்டுக்குப் பின்னால் செருகிய பக்கத்தில் ஒட்டி, எந்த வயல், என்ன இன நெல், எத்தனை நாள் பயிர், யூரியா எப்போது போட்டது என்று பக்கத்திலேயே எழுதினேன். யூரியா தரும் தழைச்சத்து கூடினால் எரிபந்தம் கூடும் என்று ஸ்லைட்டில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை இனி நான் மறக்கமாட்டேன்.

குறைகளுக்கு வருவோம். ஸ்லைட் பிடிஎப்பாக இருந்தால்தான் அதன் மேல் எழுத விடும். பவர்பொயின்ட் கோப்பை முதலில் பிடிஎப்பாக மாற்றவேண்டும். அடுத்தது முக்கியம்: நீங்கள் எழுதியது தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும், அதற்குள் ஸ்லைட் இருக்காது. மூலப் பிடிஎப்பை வேறு போல்டருக்கு மாற்றினால் அது எங்கே என்று கேட்கும். தோழிக்கு அந்தக் கோப்பை மட்டும் அனுப்பினால் ஸ்லைட் இல்லாமல் உங்கள் கிறுக்கல் மட்டும்தான் போய்ச் சேரும். பிடிஎப்பைத் திறக்கும்போதே கோப்போடு இணைக்கும் தெரிவைக் குறித்தால் அதன் பிரதி ஒன்று உங்கள் கோப்புக்குப் பக்கத்தில் சேமிக்கப்படும், இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அல்லது எல்லாம் எழுதி முடித்துப் புதிய பிடிஎப்பாக எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்புங்கள். கையால் எழுதியதைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. அதற்காகத் தலைப்புகளை மட்டும் நான் டைப் பண்ணி விடுகிறேன். விரிவுரைக் குரலைப் பதிவுசெய்யும் வசதியும் உண்டு. கேட்காமல் பதிவுசெய்வது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் இதைப் பாவிக்க வழியே இல்லை. எக்ஸ்போர்ட் பண்ணிய பிடிஎப்பைப் போனில் போட்டுக்கொண்டு, ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரைக்கும், பிறகு ஏ9 வீதியில் முறிகண்டி தாண்டும் வரைக்கும் வாசிப்பேன். வாசிப்பு மட்டும்தான்.

தொடுதிரையும் பேனையுமாக வரும் டப் வாங்கக் காசு இருந்தால் அதையே வாங்குங்கள், திரையிலேயே எழுதுவதுபோல் வராது. ஆனால் ஏற்கனவே ஒரு லப்டொப் கையில் இருப்பவருக்கு இன்னொரு பெரிய செலவு ஏன்? 2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். அந்த நேரம் ஏறிய போட்டோக்கொப்பி விலை எங்கள் பக்கம் பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. ஒரு செமஸ்டருக்கு நான் போட்டோக்கொப்பிக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பலகையின் விலை அதற்குள் அடங்கிவிடும்.

பழையது வாங்குபவர்கள் பேனையின் முனையைப் பாருங்கள். சரிவாகத் தேய்ந்திருந்தால் மாற்று முனை இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொரு கோடு இழுத்து, விட்டு விட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வாங்கிய பிறகு ஒரு துணி உறையும் தைத்துவிடுங்கள். எங்கள் செம்புழுதி முனையில் ஒட்டினால் பலகையில் கீறல் விழும்.