லோரி கதவில் ஒரு பெயர், கிராந்தில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) ஒரு பெயர்: ஆறு வருட அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனைப் பழம் நிறுத்து வாங்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்குச் சொந்த லோரி இரண்டுதான். பழம் குவிகிற மாதங்களில் வாடகை லோரி பிடித்தே ஆக வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், விலையும் போய்விடும். அந்த அவசரத்தில் எந்த லோரி வந்தாலும் ஏற்றி அனுப்புவதுதான் எங்கள் பழக்கமாக இருந்தது. 2019இல் முதலாளி என்னிடம் ஒரு காலி ஃபைலைக் கொடுத்து, "இனி இவங்க பேப்பரெல்லாம் நீ பாரும்மா" என்றார். அன்றிலிருந்து பார்த்து வருகிறேன்.

முதலில் எஸ்எஸ்எம், அதாவது கம்பெனிகளைப் பதிவு செய்கிற அரசு ஆணையம். கம்பெனி பெயரைத் தட்டினால் பதிவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த வருடம் அக்டோபரிலிருந்து பதிவெண் 12 இலக்கமாகிவிட்டது. பழைய எண்ணையும் சேர்த்தே எழுதி வைப்பது நல்லது. காசு கட்டி முழு விவரத்தை எடுத்தால் இயக்குநர்கள் யார் என்பதும் வரும். அந்தக் காசு வீண் இல்லை. பாக்கி வைத்துவிட்டுக் காணாமல் போன ஒரு லோரிக்காரர், வேறு கம்பெனி பெயரில், அதே முகவரியில் திரும்பி வந்ததை இப்படித்தான் பிடித்தேன்.

அடுத்தது அபாட் லைசென்ஸ். தரைப் போக்குவரத்து நிறுவனம் லோரிக்காரர்களுக்குக் கொடுக்கிற அனுமதி அது. நான் இந்த வேலையை ஆரம்பித்த வருடம்தான் ஸ்பாட் என்ற பழைய ஆணையம் போய் அபாட் வந்தது. இதில் ஏ, சி என்று இரண்டு வகை. அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்ற ஏ வேண்டும். சி என்றால் சொந்தச் சரக்கு மட்டும். செங்கல், மணல் விற்கிற கடைக்காரர் தன் சி லோரியைச் சும்மா நிற்கிறதே என்று எங்கள் பழத்துக்கு அனுப்பிய கதையெல்லாம் உண்டு. நகல் கேட்டால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வண்டிகளைப் பரிசோதிக்கிற புஸ்பாகோம் நிறுவனத்தின் அறிக்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சரக்கு லோரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, தேதியைப் பார்த்தால் போதும். ஆனால் அது அந்த ஒரு நாள் லோரி எப்படி இருந்தது என்பதற்குத்தான் அத்தாட்சி. பரிசோதனைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று டிரைவர்களே சாயாக் கடையில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நான் டயரை நேரில் போய்ப் பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் உதவியது, யாரும் பெரிதாக மதிக்காத ஒரு சின்ன விஷயம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) இணையத்தளத்தில் சாலை வரி எப்போது முடிகிறது என்று பார்க்கலாம் அல்லவா? அதற்கு வண்டி எண்ணோடு உரிமையாளரின் அடையாள அட்டை எண்ணும் வேண்டும், கம்பெனி என்றால் கம்பெனியின் பதிவெண். வந்து நிற்கிற லோரியின் எண்ணையும், எனக்கு பில் போடுகிற கம்பெனியின் எண்ணையும் சேர்த்துத் தட்டுவேன். தேதி வந்தால் சரி. வரவில்லை என்றால் லோரி வேறு யாருடையதோ. கிராந்தைக் கொண்டுவரச் சொல்லுவேன். மூன்றில் ஒன்றாவது இப்படி மாட்டும்.

இப்படித்தான் ஒரு மழைநாளில் ஒரு லோரி வந்தது. கதவில் கம்பெனி பெயர் புது ஸ்டிக்கர். ஓரம் நனைந்து உரிந்து, அடியில் வேறொரு கம்பெனி பெயர் பெயிண்டில் தெரிந்தது. டிரைவர் சின்னப் பையன்தான். ஜிடிஎல், அதாவது சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ், சரியாக இருந்தது, போனில் மைஜேபிஜே செயலியைத் திறந்து அவனே காட்டினான். "அக்கா, லோரி யார்துன்னு எனக்கே தெரியாதுக்கா. சாவி கொடுத்தாங்க, ஓட்டுறேன்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் லோரி மோதி எஃப்ஆர்யூ எனும் கலகத் தடுப்புப் போலீஸ் ஆட்கள் ஒன்பது பேர் இறந்த பிறகு, பெர்மிட்டை அடுத்தவருக்கு வாடகைக்கு விடும் வழக்கத்தைப் பற்றி நாடே பேசியது. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அதுவரை என் ஃபைலைக் கிண்டல் செய்த முதலாளியே மறுநாள் வந்து அதைப் புரட்டிப் பார்த்தார். அந்த அக்டோபரிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கட்டம் கட்டமாகக் கட்டாயமாகி வருகிறது. அந்தச் சான்றிதழையும் இப்போது கேட்கிறேன்.

டெக்சஸில் இருக்கும் தம்பி மகன் ஒருமுறை லோரிக் கம்பெனிகளின் பாதுகாப்பு விவரத்தைச் சொல்லும் அங்குள்ள சேஃபர் தளத்தைக் காட்டினான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கொடுக்கிற யூஎஸ்டாட் எண்ணைப் போட்டால் அந்தக் கம்பெனிக்கு எத்தனை லோரி, எத்தனை டிரைவர், கடந்த 24 மாதங்களில் எத்தனை பரிசோதனை, அதில் எத்தனை வண்டியைச் சாலையிலேயே நிறுத்தினார்கள், எத்தனை விபத்து என்று எல்லாம் ஒரே பக்கத்தில், இலவசமாக. எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. இங்கே நான் நாலு இடத்தில் தட்டியும் ஒரு கம்பெனியின் விபத்துக் கணக்கு என் கைக்கு வந்ததில்லை.

அதனால் நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். லோரி கதவில் பிடிஎம் என்று எழுதியிருப்பது சரக்கோடு சேர்த்து அனுமதித்த எடை. அதை எங்கள் எடைச் சீட்டோடு ஒப்பிடுவேன். ஒரு லோரியில் பிடிஎம் 26,000 கிலோ, சீட்டில் 31,480. அந்தச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து. ஏற்றியது எங்கள் ஆட்கள். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஏற்றுகிற ஆளிடம் பிடிஎம்மைச் சொல்லிவிட்டுத்தான் பழத்தில் கை வைக்க விடுகிறேன். லோரிக்காரர்களுக்கு இது பிடிக்காது. ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை, அவர்களுக்கு டீசல் நட்டம்.

போன வாரம்கூட ஒரு லோரியைத் திருப்பி அனுப்பினேன். எட்டு டன் பழம் ராத்திரி முழுக்கக் கிடந்தது. மில்லில் தரத்தைக் குறைத்துப் போட்டார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது லோரி வாங்க எவ்வளவு ஆகும் என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார்.